நான் தாண்டிப்போன அத்தியாயம்

சில வருடங்களுக்கு முன் நான் மலைமேல் ஜமுனாமரத்தூரில் நர்ஸாக வேலை பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் போட்ட அறை ஒன்று இருந்தது. பஸ் போகாத ஊர்களிலிருந்து கர்ப்பிணிப் பெண்கள் பிரசவத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே வந்து அங்கே தங்குவார்கள். வலி எடுத்த பிறகு கிளம்பினால் வழியில் ஓடை மறிக்கும், இல்லையென்றால் வண்டி கிடைக்காது.

தங்க வைப்பதுதான் பெரிய பாடு. விடிந்ததிலிருந்து காட்டுக்கொல்லையில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்குச் சும்மா உட்காருவது தண்டனை போல இருக்கும்.

"ஆடு தனியா கீது சிஸ்டர், வூட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வந்துடறேன்" என்று மூட்டையைக் கட்டுவார்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

அப்படி ஒரு மத்தியானம் மூட்டையோடு எழுந்து நின்ற ஒருத்தியை உட்கார வைக்கத்தான் கதை சொல்ல ஆரம்பித்தேன். என் பையில் அப்போது ஒரு ஆங்கில நாவல் இருந்தது. சென்னையில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது ஆலங்காயத்தில் எங்கள் வீட்டில் விட்டுப்போனது. அமெரிக்கா என்ற நாடு உருவான காலத்தில், அதை உருவாக்கிய தலைவர்களில் ஒருவருடைய மனைவியின் கதை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷும் போனில் இருந்த அகராதியுமாக ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் படித்ததை மத்தியானம் அவர்களுக்குத் தமிழில் சொன்னேன்.

வெள்ளைக்கார ராஜாவோடு சண்டை. புருஷன் எங்கோ முந்நூறு மைல் தள்ளி, சபையில் உட்கார்ந்து நாட்டுக்குச் சட்டம் யோசிக்கிறார். இவள் நாலு பிள்ளைகளோடு பண்ணையில் தனியாக இருக்கிறாள். புல் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. ஆண்கள் எல்லாரும் சண்டைக்குப் போய்விட்டார்கள். பீரங்கிச் சத்தம் கேட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு குன்றின்மேல் ஏறிப் பார்க்கிறாள். தூரத்தில் ஒரு ஊர் எரிகிறது. வீட்டிலிருந்த ஈயக் கரண்டிகளை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கக் கொடுக்கிறாள்.

"கரண்டிய உருக்கிட்டா சோத்த இன்னாத்துல அள்ளுவா?" என்றாள் ஒருத்தி. அறையே சிரித்தது.

ஆனால் புல் அறுக்க ஆள் கிடைக்காத இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சாமை அறுப்புக்கு ஆள் தேடி அலைந்தவர்கள் அவர்கள். பாதிப் பேருடைய புருஷன்மார் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தார்கள். அந்தத் தலைவர் மனைவி எல்லாவற்றையும் புருஷனுக்குக் கடிதமாக எழுதினாள். பசு கன்று போட்டது, காய்ச்சலில் பக்கத்து வீட்டுக் கிழவி செத்தது, புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்பது, எல்லாம். அதனால் அவளுக்குக் 'கடுதாசிக்காரம்மா' என்று பெயர் வந்துவிட்டது. "இன்னைக்குக் கடுதாசிக்காரம்மா இன்னா பண்ணா?" என்று சாப்பாட்டுத் தட்டு கழுவும்போதே கேட்பார்கள். மூட்டை கட்டுவது நின்றது.

கடைசிக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். கதை கேட்கும்போதும் சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். போன முறை அவளுக்கு நிறைமாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்தது என்று அவள் அட்டையில் எழுதியிருந்தது.

ஒருநாள் காலையில் நான் படித்த அத்தியாயம் என்னை உறைய வைத்தது. கடுதாசிக்காரம்மா மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள். புருஷன் ஊரில் இல்லை. ஒருநாள் உடம்பு தூக்கிப் போடுவதுபோல் குளிர் நடுக்கம். அது அடங்கியதும் வயிற்றில் அசைவு இல்லை. கூட இருந்தவர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை உயிரோடு இல்லையோ என்று பயமாக இருக்கிறது எனப் புருஷனுக்கு எழுதுகிறாள். வலி வந்த பிறகும், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் எழுதுகிறாள். பெண்குழந்தை. மூச்சு இல்லாமல் பிறக்கிறது.

இது நிஜமா என்று நாவலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஆசிரியர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: பேச்சும் காட்சிகளும் கற்பனை, கடிதங்கள் உண்மை. நான் அதை இரண்டு முறை படித்தேன். இருபது வருடம் பிரசவம் பார்த்தவள் நான். அந்த வலிக்கு நடுவில் பேனாவைப் பிடித்த ஒரு கையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நிறைமாதக்காரிகளுக்கு இதை எப்படிச் சொல்வது? தாண்டிவிட்டேன். புருஷன் வீட்டுக்கு வந்ததையும் அடுத்த வேலையாகக் கப்பலேறிப் போனதையும் சொல்லி முடித்தேன்.

கடைசிக் கட்டிலில் இருந்தவள் முதல்முறையாகச் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல ஒண்ணு வுட்டுட்டீங்க சிஸ்டர்."

"இல்லையேம்மா."

"நேத்து அந்தம்மா மாசமா இருந்துச்சு. இன்னைக்குக் கப்பல் போவுது. கொயந்தை இன்னா ஆச்சு?"

மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. மெதுவாக, உள்ளதை உள்ளபடி சொன்னேன். யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். கடைசிக் கட்டில்காரி மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அசையலன்னு அந்தம்மாவுக்கே தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சுது."

"எனக்கும் தெரிஞ்சிச்சு சிஸ்டர். ரெண்டு நாளு தெரிஞ்சிச்சு. மாமியார்கிட்ட சொல்ல பயம். சொன்னா நெசமாய்டுமோன்னு வாய மூடிக்கினு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தம்மா எழுதியே வெச்சிட்டாங்களே!" என்றாள்.

அந்தக் குரலில் அழுகை இல்லை, வியப்புதான் இருந்தது. அவ்வளவு பெரிய வீட்டுப் பெண்ணுக்கும் இது நடந்திருக்கிறது, அவள் அதை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள் என்ற வியப்பு. அன்றைக்கு அவள் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி. நான் டியூட்டிக்கு வந்து பையைக்கூட வைக்கவில்லை. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சிஸ்டர், விடிஞ்சதுலருந்து கொயந்தை சரியா அசையல. வாய மூடிக்கினு இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

குழந்தையின் அசைவை எண்ணுங்கள் என்று தினமும் நானே சொல்வதுதான். எல்லாரும் தலையாட்டுவார்கள். இப்படி வாசலில் வந்து நின்று யாரும் சொன்னதில்லை. இடது பக்கமாகப் படுக்க வைத்து இதயத்துடிப்பு பார்த்தேன். துடிப்பு இருந்தது. ஆனால் நடுநடுவே இறங்கி இறங்கி ஏறியது. டாக்டரும் வந்து துடிப்பைக் கேட்டுப் பார்த்தார். உடனே வேலூருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அமிர்தி வழியாக மலை இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் அவள் என் மணிக்கட்டை இறுக்கினாள். நான் துடிப்பு பார்க்கும் கருவியை அவள் வயிற்றிலிருந்து எடுக்கவே இல்லை. வண்டிச் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவும் இல்லை.

"இருக்குதா?" என்பாள்.

"இருக்குது" என்பேன்.

எத்தனை முறை அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அதில் பாதி ஜெபம்தான்.

வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். தொப்புள்கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பெண்குழந்தை, ரொம்பச் சின்னது. உடனே அழவில்லை. கதவுக்கு வெளியே நின்றிருந்த நான் அந்த மௌனத்தை முழுக்கக் கேட்டேன். பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிய சத்தம் வந்தது. எத்தனையோ அழுகையைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு நிகராக ஒன்றை நான் கேட்டதில்லை. இருநூறு வருடத்துக்கும் முன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எழுதிய கடிதம், இந்த மலையில் ஒருத்தியின் வாயைத் திறந்திருக்கிறது. அங்கே இருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் ஊருக்குத் திரும்பும் வழியில் எங்கள் அறைக்கு வந்தாள். கேரளாவிலிருந்து ஓடிவந்த புருஷன் வெளியே ஜீப் பேசிக்கொண்டிருந்தான். கட்டில்களில் பழைய முகங்கள் இரண்டுதான் மிச்சம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"மீதிக் கதை இன்னா ஆச்சு சிஸ்டர்? அந்தம்மாவுக்கு அப்புறம் கொயந்தை பொறந்துச்சா?"

"இல்லம்மா. ஆனா அவங்க வூட்டுக்காரரு அந்த நாட்டுக்கே தலைவரா ஆனாரு. மூத்த பையனும் பின்னாடி தலைவரா ஆனான். பையன் ஆனத பார்க்கத்தான் அந்தம்மா உசுரோட இல்ல."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைவர்கள் வருவார்கள், போவார்கள் என்பதுபோல் தலையாட்டினாள்.

"அந்தக் கடுதாசி?"

"இருக்குது. பத்திரமா வெச்சிருக்காங்க. போய்க் கேட்டா காட்டுவாங்களாம்."

"இத்தினி வருசமா பூச்சி அரிக்காமயா?"

"ஆமா."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்காமல், மடியில் இருந்த குழந்தையின் கையை விரித்துப் பார்த்தாள்.