யோகேஸ்வரிக்கு அடித்த இரண்டு பேனர்கள்

அந்த வருடத் திருவிழாவில் மலேசியாவின் சிம்பாங் ரெங்கம் மாரியம்மன் கோயில் வாசலில் அம்மன் படத்தைவிடப் பெரிதாகத் தொங்கியது யோகேஸ்வரியின் படம். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் எட்டு ஏ வாங்கிய மகளுக்கு அப்பா காளியப்பன் அடித்த பேனர். கீழே கொட்டை எழுத்தில் ‘வருங்கால டாக்டர்’ என்று போட்டிருந்தது. தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற மனிதர். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்மவர்களுக்கு இது ஒரு வியாதி. பிள்ளை நாலு ஏ வாங்கினால் போதும், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிவிட்டுத்தான் மறுவேலை.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் அவள் பள்ளியில் உயிரியல், இயற்பியல் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். டாக்டராக வேண்டுமானால் உயிரியல். யோகேஸ்வரிக்கோ மனமெல்லாம் இயற்பியல்.

திருவிழாவின் மூன்றாம் நாள், நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு. கோயில் தலைவர் மகேஸ்வரன் மைக்கில், “அடுத்து, நம்ம வருங்கால டாக்டர்!” என்று அழைத்தார். மேடையேறியவள், பரிசோடு மைக்கையும் வாங்கிக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க தலைவரே. நான் பயோ எடுக்கல. பிசிக்ஸ் எடுக்கப் போறேன்.”

கூட்டத்தில் யாரோ “அலமாக்!” என்றார்கள். முன்வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்த காளியப்பன் எழுந்தார். அன்னதானத்தில் கை நனைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. பாடத்தேர்வுப் பாரத்தில் அவர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் மாலை, வேலை முடிந்து வந்தவர் முன்னால் டீயையும் பாரத்தையும் ஒன்றாக வைத்தாள்.

“ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“பேனர் போட்டது நீங்கப்பா. படிக்கப் போறது நான்.”

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். காளியப்பன் டீயைத் தொடவில்லை.

“அந்த பிசிக்ஸ்ல அப்படி என்னதான் இருக்கு?”

“நீங்க பிரேக் போட்டா, பஸ்ல நிக்கிறவங்க ஏன்பா முன்னால சாயுறாங்க?”

“பிரேக் போட்டா சாயத்தான் செய்வாங்க லா. இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“நின்னது பஸ்தான்பா. அவங்க இன்னும் போய்க்கிட்டேதான் இருக்காங்க. பயோவ மனப்பாடம் பண்ணித்தான் ஏ வாங்கினேன். பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டேன். இது அப்படியில்ல. ஒரு தடவ புரிஞ்சா போதும், ரோட்ல போறப்பல்லாம் கண்ணுக்குத் தெரியுது.”

இருபத்திரண்டு வருடமாக பிரேக் போடுகிறவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“ஏ வரலேன்னா நான் அந்தக் கோயில் பக்கமே தலைகாட்ட முடியாது. சொல்லிட்டேன்.”

யோகேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு சந்தோஷம், அதே அளவு பயம்.

மறுநாள் காலை அவளே ஏணி போட்டு ஏறி பேனரை அவிழ்த்து வந்தாள். அது அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு மழைப்போர்வை ஆனது. வெயிலில் அதிலிருந்த அவள் முகம் வெளுத்தாலும் ‘டாக்டர்’ மட்டும் பளிச்சென்றே இருந்தது. பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

இயற்பியல் வகுப்பில் மொத்தம் ஏழு பேர். முதல் பருவத்தில் பி வந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. விடுவாளா? அந்தத் தாளை மறுபடியும் எழுதினாள். எடுத்த பாடம் என்னுடையது, இதில் தோற்க மாட்டேன் என்று ராட்டினமாய்ச் சுழன்று படித்தாள். கடைசியில் ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடிவு வந்தபோது இயற்பியலுக்கு நேரே நின்றது ஏ. பல்கலைக்கழகத்திலும் அதே பாடத்துக்கு இடம் கிடைத்தது. காளியப்பன் அன்று பஸ்ஸில் ஏறிய அத்தனை பேருக்கும் லட்டு கொடுத்தார்.

முடிவு வந்த வருடத் திருவிழாவில் கோயில் வாசலில் புதிய பேனர் தொங்கியது. இந்த முறை அம்மன் படத்தைவிடச் சின்னது. ‘இயற்பியல் மாணவி யோகேஸ்வரி’ என்று மட்டும் இருந்தது.

அன்னதான வரிசையில் மகேஸ்வரன் விடவில்லை. “ஏன் காளியப்பா, பிசிக்ஸ் படிச்சா பொண்ணு என்னவா ஆகும்?”

தட்டோடு பின்னால் நின்ற யோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“அத அவகிட்டயே கேளுங்க தலைவரே. இந்தத் தடவ நான் அவள கேட்டுட்டுத்தான் பேனரே அடிச்சேன்.”