கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டில்

கட்டிலுக்கு அடியில் ஒரு கண்ணாடி பாட்டில், அதில் பாதி தண்ணீர். என் வீட்டுக்காரரின் விலாவிலிருந்து இறங்கிய குழாய் அதற்குள் முங்கியிருந்தது. அவர் இருமினால் தண்ணீர் குமிழியிடும். மராத்தி பேசும் கட்கி ஊர் ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் டாக்டரம்மா தரையில் முழங்காலிட்டு, எவ்வளவு சீழ் வடிந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். கட்டிலின் மறுபக்கம் நானும் முழங்காலில் இருப்பேன், ஜெபத்தில்.

தப்பு எங்களுடையது. இவருடைய நிமோனியாவுக்குக் கொடுத்த மாத்திரையை, காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே, "கர்த்தர் தொட்டுட்டார், இனி அது எதுக்கு?" என்று நிறுத்தச் சொன்னவர் எங்கள் ஜெபக்குழு அண்ணன். நிறுத்தியவள் நான். பத்தே நாளில் காய்ச்சல் திரும்பியது. மூச்சை இழுத்தால் இவருக்கு விலாவில் குத்தியது. டாக்டரம்மா மராத்திக்காரர். ஃபேக்டரி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்ற தமிழில் திட்டினார். "மாத்திரை யார் நிறுத்தினது? இப்போ நுரையீரல் சுத்தி, உறைக்குள்ள சீழ் கட்டிடுச்சு. மாத்திரை மட்டும் பத்தாது, வடிக்கணும். அழாதே, நான் இருக்கு."

இவர் பிழைத்தார். கோவிலில் சாட்சி சொல்லும் நாளில் டாக்டரம்மாவை நான்தான் அழைத்தேன். கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் எழும்போது அண்ணன், "டாக்டர் பேரெல்லாம் எதுக்கு சிஸ்டர், மகிமை குறையும்" என்றார். வழக்கமாக எல்லாரும் சொல்வதே என் வாயிலும் வந்தது: "டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை." சபை முழுக்க ஆமென் என்றது. பொய்ச்சாட்சி பாவம் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தவள் நான்!

வாசலில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "நான் எப்போம்மா கைவிட்டது?"

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். வருஷங்கள் ஓடின. போன மாதம் டாக்டரம்மா இறந்துபோனார். கோவிலில் ஒரு வார்த்தை அறிவிப்பு இல்லை.

போன ஞாயிறு ஒரு சின்னப் பெண், தன் குழந்தை பிழைத்ததற்கு அதே வாக்கியத்தைச் சொன்னாள். எழுந்தேன்.

"எந்த டாக்டர்மா கைவிட்டாங்க? பிள்ளைக்கு ஊசி போட்டது யாரு?"

"சிஸ்டர், உக்காருங்க" என்றார் அண்ணன்.

"நீங்க உக்காருங்கண்ணே. மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்களே, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்த்தீங்களா?"

ஆண்கள் வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்து, சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்றே இன்றும் நம்புகிறேன். கேட்டு யாரை அனுப்பினார் என்று சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. யாரும் ஆமென் சொல்லவில்லை. அந்த பாட்டிலுக்கு எதிரே முழங்காலில் இருந்தவரின் பேரை மூன்று தடவை சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.