பாதி இலையில் எழுந்தவள்

பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டச் சொன்ன டாக்டரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். கள்ளக்குறிச்சியில் இருபது வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவள் நான். நாடா இறுக்கமாக இல்லாவிட்டால் புடவை நிற்காது. புடவையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் துணியை யார் பிடிப்பது? நெஞ்சு வலி என்று வந்தவளிடம் நாடாவைப் பற்றிப் பேசுகிறாரே, இவர் எங்கே படித்தாரோ என்று நினைத்தேன்.

மாரடைப்பு என்று பயந்துதான் போயிருந்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து ஹயாட்டஸ் ஹெர்னியா என்றார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையில் உணவுக்குழாய் இறங்குவதற்கு ஒரு வழி இருக்கிறதாம். எனக்கு அந்த வழி தளர்ந்துபோய், இரைப்பையின் மேல்பாகம் அதற்குள் நுழைந்து நெஞ்சுப் பக்கம் ஏறிவிட்டதாம். குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருவதும், சோறு பாதி வழியில் நின்றுகொண்டு உயிரை வாங்குவதும் அதனால்தான். நானோ சாப்பிட்ட கையோடு மிஷின் மேல் குனிகிறவள். அந்த இரைப்பை பாவம், அதுவும் எங்கேதான் போகும்?

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, காபி கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனவர், கடைசியில் டென்ஷன் ஆகாதீங்க என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு டென்ஷன் ஏறியது.

ஆனாலும் சொன்னதைச் செய்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கினோம். விடிவதற்குள் என் வீட்டுக்காரர் வழுக்கிக்கொண்டு கால்மாட்டில் கிடப்பார். பெண்தான் தினமும் கல்வராயன் மலை ஏறுகிறாள் என்றால், இப்போது தூங்குவதற்கும் நான் மலை ஏற வேண்டியிருக்கிறதே என்று புலம்புவார். எங்களுக்கு ஒரே பெண். மலை மேல் அரசு சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். காலையில் முதல் பஸ்ஸில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வீடு வருவாள்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. வலி குறைந்தது. அதைவிட ஆச்சரியம், வீட்டில் சண்டை சச்சரவே இல்லாமல் போனது. முன்பெல்லாம் கரும்புப் பணம் வரவில்லை, மோட்டார் எரிந்துவிட்டது என்று வந்து நிற்கிற மனுஷன், எல்லாம் சரியாகத்தான் போகிறது என்பார். பெண்ணும் வாயைத் திறப்பதில்லை. எனக்குக் கோபம் குறைந்துவிட்டது, அதனால்தான் வீடு அமைதியாக இருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன்.

அப்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. பையன் அவள் வேலை பார்க்கும் இடத்திலேயே மருந்தாளுநர். ரிஷிவந்தியம் பக்கம் விவசாயக் குடும்பம். இருவருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தது நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில், பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்போம். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவோம். வாயால் ஆயிரம் சொன்னாலும், சாப்பிடுவதுதான் சம்மதம்.

கிளம்புகிற அன்று காலையில் பெண்ணைக் கூப்பிட்டு, என் நோய் விஷயம் அந்த வீட்டில் யாருக்கும் போகக் கூடாது என்று அவள் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். அம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு, நாளைக்குப் பெண்ணுக்கும் வருமோ என்று நாலு பேர் பேசினால் போதாதா? வீட்டுக்காரரையும் மிரட்டி வைத்தேன். பட்டுப்புடவை சரியக் கூடாது என்று நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

எங்கள் வழக்கப்படி பெண்ணை விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் என் நாத்தனாரும் போனோம். வீடு பிடித்தது, மனுஷர்களும் பிடித்தார்கள். சாப்பிடலாம் என்று நானே முதலில் சொன்னேன். இலை போடும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா என் இலைக்கு முன்னாலேயே நின்று வடை, பொரியல், சாம்பார் என்று அள்ளி அள்ளி வைத்தார். ஐந்தாவது வாயில் சோறு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நெஞ்சை யாரோ மிதிப்பது போல இருந்தது, வேர்த்துக் கொட்டியது. எழுந்து பின்பக்கம் போனேன். குழாயடியில் கை கழுவி, நாடாவைத் தளர்த்தி, வைக்கோல் போர் ஓரமாக நிமிர்ந்து நடந்தேன். கால் மணி நேரத்தில் இறங்கியது. திரும்பி வந்தபோது இலையை எடுத்திருந்தார்கள். பசியில்லை என்று சிரித்துச் சமாளித்தேன். அந்த அம்மாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அப்பாடா, காரியம் முடிந்தது என்று பஸ் ஏறினேன்.

பத்து நாள் சந்தோஷமாக இருந்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணின் ஜாக்கெட்டில் ஆரி வேலை ஆரம்பித்தேன். சம்பந்தியம்மாவுக்கும் என் கையால் ஒன்று தைத்துக் கொடுக்க ஆசைப்பட்டு, அளவு ஜாக்கெட் கேட்டுப் போன் செய்தேன்.

“பாதி இலையில எந்திரிச்சிப் போனீங்க. புடிக்கலன்னு தெரிஞ்சிக்கினு, வேணாங்கன்னு மறுநாளே உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டமே. இப்ப அளவு இன்னாத்துக்குங்க?” என்றார்.

போன் கையிலேயே இருந்தது. வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். உனக்கு டென்ஷன் ஆகக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்றார். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மோட்டார் எரிந்தது, கரும்புப் பணம் நின்றது, எல்லாம் இந்த வருஷமும் நடந்திருக்கிறது. என் காதுக்கு மட்டும் வரவில்லை. நான் ஒன்றும் திருந்தவில்லை. இவர்கள்தான் வாயைக் கட்டிக்கொண்டு எனக்குப் பத்தியம் இருந்திருக்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

பெண் மலையிலிருந்து வந்ததும் கேட்டேன். அவளுக்கும் பத்து நாளாகத் தெரியும். என் மாத்திரைகளை இவள் அந்தப் பையனிடம்தான் வாங்கி வருவாள், அதை வைத்தே என் நோய் அவனுக்கும் எப்போதோ தெரியுமாம். தன் அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லிவிடவா என்று கேட்டவனை இவள்தான் தடுத்திருக்கிறாள்.

“ஏண்டி தடுத்த?”

“உன் தலையில சத்தியம் பண்ணியிருக்கேன். சொல்லி, உனக்கு ஏதாவது ஆயிட்டா? கல்யாணம் போனா போவட்டும்னு இருந்துட்டேன்.”

நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்க்கிற பெண் அதைச் சொன்னாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் தனியாகப் பஸ் ஏறினேன். அந்த அம்மா வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரைப்பை மேலே ஏறியது, செங்கல் வைத்த கட்டில், நாடா, எதையும் விடவில்லை. மறைத்தது என் புத்தி, பெண் மேல் குற்றம் இல்லை என்றேன். அவர் முகம் இளகவில்லை.

“காலையில நாலு மணிக்கு எந்திரிச்சி சமைச்சேங்க. எங்க வூடு கேவலமா போச்சோ, என் கைப் பக்குவம்தான் புடிக்கலையோன்னு நெனச்சி நெனச்சி எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. சொல்லியிருந்தா உங்களுக்குக் கொஞ்சம் கஞ்சி வச்சிருக்க மாட்டேனா?”

என் பேச்சு ஒரு வீட்டு அம்மாவைப் பட்டினி போடும் என்றால் நம்புவேன், என் வாய் அப்படி. பேசாமல் இருந்ததே அதைச் செய்திருக்கிறது. மன்னிச்சிடுங்க அண்ணி என்று அவர் கையைப் பிடித்தேன். அப்போதுதான் உள்ளே வாங்க என்றார். தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

சாயங்காலம் பெண்ணிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். இனிமேல் என்னிடம் எதையும் மறைக்காதே, கோபம் வந்தால் கோபப்படு என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

“பத்து நாளா பஸ்ல மலை ஏறும்போது அழுவேன். எறங்கும்போது மூஞ்சக் கழுவிக்கினு வருவேன். நீ இங்க பாட்டுப் பாடிக்கினு ஜாக்கெட் தெச்சிக்கினு இருந்த. என் மூஞ்சிய ஒரு நாளாவது நிமிந்து பாத்தியா?”

அதோடு நிற்கவில்லை. பத்தாவதில் நான் அடித்தது, அவள் சிநேகிதியை வீட்டுக்குள் விடாதது, அப்பாவை நாலு பேர் முன்னால் திட்டியது எல்லாம் வந்தது. வீட்டுக்காரர் பின்னாலிருந்து, அம்மாவுக்கு ஆகாது, விடு என்று அவளுக்குச் சைகை காட்டினார். பேசட்டும் விடுங்க என்றேன். தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் வந்து வந்து போனது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அதை விழுங்கி விழுங்கிக் கேட்டேன்.

பேசி ஓய்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கை நெஞ்சில் இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

“வலிக்குதாம்மா?”

எப்போதும் சொல்வது போல இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன்.

“வலிக்குதுடி,” என்றேன்.