முன்பலகையை அறுத்து வைத்த தொட்டி

மகளின் பிரசவத்துக்கு உதவியாக என் மனைவி மெல்பர்னுக்குப் போனபோது, மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. மகள் வேலைக்குத் திரும்பியதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இன்னும் மூன்று மாதம் ஆனது. பிறகு மகள் நீண்ட நாள் தங்கும் விசாவுக்கு ஏற்பாடு செய்தாள். அதற்குள் இரண்டாவது பிள்ளை உண்டானது. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. கேட்டவர்களிடம் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அது உண்மைதான். மலேசியாவில், குவாலா சிலாங்கூர் தாமான் குடியிருப்பு வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு ஃபிட்டராக முப்பது வருஷம் வேலை பார்த்தவன். பம்பு, வால்வு, குழாய் என்றே காலம் போனது. ஓய்வுபெற்ற பிறகு பதினான்கு அடி ஃபைபர் படகு ஒன்றும் அதற்கு ஒரு பழைய எஞ்சினும் வாங்கி ஆற்றோரத்து ஜெட்டியில் கட்டினேன். மனைவி பத்தாங் காலிப் பக்கம் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். படகில் ஏறப் பயப்படுவாள் என்று நினைத்தேன். மூன்றாவது வாரமே அகலமான தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு முன்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். உயிர் இறாலைத் தூண்டிலில் கோர்ப்பதில் என்னைவிட அவள் கை சுத்தம்.

வீட்டில் அதிகம் பேசாதவள் படகில் ஏறினால் பேசுவாள். தன் சின்ன வயதுக் கதை, கடையில் பார்த்த துணி, மகள் அனுப்பிய படம் என்று வாய் ஓயாது. மீன் கலைந்துவிடும் என்று சொல்லி நான் அடக்குவேன். பேச்சுக்கு மீன் கலையாது என்று எனக்குத் தெரியும். எனக்கு அமைதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் போன பிறகு நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். ஒரு ஆளுக்கு ஒரு மீன் போதும். ஆனால் முதலில் கிடைத்த மீனைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டு, அன்று முழுக்க வேறு எதுவும் கிடைக்காமல் முட்டை பொரித்துச் சாப்பிட்ட நாள்கள் உண்டு. அதனால் கிடைத்ததையெல்லாம் ஐஸில் போட்டுக் கொண்டுவந்தேன். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். முதலில் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பிறகு கதவைத் திறக்க நேரம் ஆனது. ஒருநாள் எதிர்வீட்டு அம்மா, ஃபிரிட்ஜில் இடமில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அதற்குப் பிறகு யார் வீட்டுக் கதவையும் நான் தட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னாள். மேல்தட்டு முழுக்க உறைந்த மீன். சிலது அவள் ஊருக்குக் கிளம்பிய வருஷத்து மீன்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு இத்தன மீனு? பாவம்லா அதுங்க," என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். எனக்கு அது பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தது.

படகிலேயே ஒரு தொட்டி இருந்தால் பிடித்ததை உயிரோடு வைத்துக்கொள்ளலாம். திரும்பும் நேரத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடலிலேயே விட்டுவிடலாம். பெரிய படகுகளில் இதெல்லாம் கட்டும்போதே வந்துவிடும். என் படகில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. பின்னால் நானும் எஞ்சினும் பெட்ரோல் டாங்கியும். அவள் வராமல் போனதிலிருந்து படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டே ஓடியது. எதிரே என்ன வருகிறது என்று எழுந்து நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஜெட்டியில் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டிக்கொடுக்கும் சீனர் ஒருவர் இருந்தார். என் வயதுதான். தொட்டியை முன்னால் வை, அறுபது லிட்டர் தண்ணீர் நின்றால் படகு சமமாக ஓடும் என்று மலாயில் சொன்னார். கணக்கு சரியாக இருந்தது. மறுநாள் காலையில் ரம்பத்தைக் கொண்டுபோய் முன்பலகையை அறுத்து எடுத்தேன். அதை அறுக்கும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அளவு சரியாக வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

தொட்டியை நானே செய்தேன். பலகையில் அச்சு செய்து, அதன்மேல் ஃபைபர் துணியைப் பரப்பி ரெசின் பூசி மூன்று அடுக்கு ஏற்றினேன். மூலை கூராக இருந்தால் மீன் முட்டி மூக்கு கிழிந்துவிடும் என்று சீனர் எச்சரித்திருந்தார். அதனால் நாலு மூலையையும் உருட்டிவிட்டேன். உள்ளே வெளிர் நீலம் அடித்தேன். படகின் பின்பக்கத்து அடியிலிருக்கும் கடல் தண்ணீரைச் சின்ன பம்பு ஒன்று இழுத்து, குழாய் வழியாக முன்னால் கொண்டுவந்து தொட்டிக்குள் தூவும். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேலே போனால் நடுவில் நிற்கும் குழாய் வழியாக வெளியே வழியும். மீனுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும், அதற்குத்தான் தூவல்.

எல்லாவற்றிலும் கஷ்டம் ஓட்டை போடுவதாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரு சொட்டு புகாமல் பார்த்துக்கொண்ட படகின் அடியில் நானே துளை போட வேண்டும். கரையேற்றிய படகின் பக்கத்தில் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தேன். போட்ட பிறகு இன்னொரு தொல்லை. துளையில் செருகிய குழாய்வாயை வெளியே இருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, உள்ளே இருந்து ஒருவர் நட்டை முறுக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. சீனர் அன்றைக்குக் கிள்ளானுக்குப் போயிருந்தார். நான் வெளியே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, ஏறி உள்ளே போய் முறுக்கினால் கட்டை விழும். இறங்கி வந்து மறுபடி முட்டுக்கொடுத்தேன். எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று தெரியாது. மத்தியானம் வரை அதுதான். கடைசியில் நட்டு பிடித்துக்கொண்டபோது சட்டை பிழிகிற மாதிரி இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். பம்பு, குழாய், வால்வு, நீலத் தொட்டியின் உள்பக்கம். நல்லாயிருக்கு என்று பதில் வந்தது. தொட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பது எந்தப் படத்திலும் தெரியவில்லை. வேண்டுமென்று மறைத்தேனா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதல் நாள் முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு இரண்டு கெலாமா மீனும், ஆற்றுத் தண்ணீரையும் தாங்கும் சியாக்காப் மீன் ஒன்றும் பிடித்தேன். இரண்டு கெலாமாவையும் விட மனசில்லை. உயிரோடு ஜெட்டி வரை வருகிறதா என்று பார்க்க ஆசை. முந்தின நாள் ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில் நல்ல மழை. ஆறு காப்பி நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் தூவல் சத்தம் குறைந்ததுபோல் இருந்தது, எஞ்சின் இரைச்சலில் கவனிக்கவில்லை. ஜெட்டியில் மூடியைத் திறந்தால் இரண்டு கெலாமாவும் மல்லாந்து கிடந்தன. சியாக்காப் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. பம்பின் வாயில் இலையும் சேறும் அடைத்திருந்தன. வந்த கொஞ்சத் தண்ணீரும் உப்பில்லாத ஆற்றுத் தண்ணீர்.

அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருந்தேன். பாவம் என்று அவள் சொன்னதற்காகச் செய்த தொட்டி. ஐஸில் போட்டிருந்தால் சீக்கிரம் செத்திருக்கும்.

மறுவாரம் வால்வு ஒன்றைச் சேர்த்தேன். ஆற்றுக்குள் நுழைந்ததும் வெளித்தண்ணீரை அடைத்துவிட்டு, தொட்டியிலிருக்கும் கடல் தண்ணீரையே சுற்றிச் சுற்றித் தூவும்படி மாற்றினேன். அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. திரும்புகிற நேரத்தில் மூடியைத் திறந்து எதை வைத்துக்கொள்வது என்று பார்ப்பேன். பார்த்துக்கொண்டே இருப்பேன். நீலத்துக்குள் அவை செவுளை அசைத்துக்கொண்டு ஒரே பக்கமாக நிற்கும். ஒருநாள் மேற்கே மேகம் கூடுகிறது, சீக்கிரம் கிளம்பணும் என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

அடுத்த பள்ளி விடுமுறையில், வாத்தியாரான மருமகன் வீட்டில் இருந்ததால் மனைவி மூன்று வாரம் வந்தாள். தலையில் நரை கூடியிருந்தது. சாயம் பூசுவதை விட்டுவிட்டாளாம். வீட்டைக் கழுவினாள், பழைய மீனையெல்லாம் தூக்கிப் போட்டாள். நாலாம் நாள் காலை, கேட்காமலேயே தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தாள்.

ஜெட்டியில் படகுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"நான் எங்க உக்காறது?" என்றாள்.

நான் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எடை, சமநிலை, மூக்கு தூக்குவது, வால்வு. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மூடியைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். படகை அவிழ்த்தேன். ஆற்றில் போகும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. படகில் அவள் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான்.

முகத்துவாரத்தில் முதல் மீனை அவள்தான் பிடித்தாள். தொட்டியில் விட்டு மூடியைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே மீன் திரும்பி ஓங்கி அடித்தது. அவள் திடுக்கிட்டு எழுந்து, சிரித்து, மறுபடி உட்கார்ந்தாள். சிரிப்பு நின்ற பிறகு கேட்டாள்.

"நான் இனிமே வரமாட்டேன்னு நெனச்சிட்டீங்களா?"

"இல்லலா. எடைக்குத்தான்," என்றேன்.

"போன வருஷம் நீங்க அங்க வந்தீங்க. ரெண்டு மாசம்னு வந்துட்டு ரெண்டு வாரத்துல கெளம்பிட்டீங்க. வீட்டுல பைப்பு ஒழுகுதுன்னு சொன்னீங்க. பூட்டின வீட்டுல பைப்பு ஒழுகுறது எப்படி ஒங்களுக்குத் தெரியும்?"

நான் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரிதான். அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் ஓரமாகக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு, படகில் மழைத்தண்ணீர் நிறைந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லாமல் குழாயைச் சொன்னேன்.

"அப்ப நானும் அப்படித்தான் நெனச்சேன். இனிமே நீங்க வரமாட்டீங்கன்னு," என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும். படகு நினைப்பாகவே இருந்தது, அதனால்தான் திரும்பி வந்தேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. பெரிய பேத்திக்குத் தமிழ் புரிகிறது, பதில்தான் இங்கிலீஷில் வருகிறது என்றாள். மகள் சத்தம் போட்டால் இவள் பிள்ளைகள் அறைக்குப் போய்த் துணி மடிப்பாளாம். அங்கே பகலில் பிள்ளைகள் தூங்கி, வேறு யாரும் இல்லாத நேரத்தில் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருப்பாளாம். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்தியானம் தொட்டியில் ஐந்து மீன் இருந்தது. நாலை அவளே கையில் அள்ளிக் கடலில் விட்டாள்.

மூன்று வாரம் முடிந்து அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாள், தொட்டியைப் பெயர்க்க ஆரம்பித்தேன். ரெசின் போட்டு ஒட்டியது சுலபத்தில் வராது. உளி வைத்துத் தட்டி, பாதி உடைத்து, நடுப்பகுதிக்குத் தள்ளி மறுபடி ஒட்டினேன். இந்த முறை நட்டு முறுக்கும்போது சீனர் வெளியே பிடித்துக்கொண்டார். முன்னால் புதுப் பலகை ஒன்று போட்டு, மேலே ரப்பர் மெத்தை அடித்தேன். படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, மெத்தைக்கு உறை போடுங்க, வெயில்ல சுடும் என்று பதில் வந்தது. உறை போட்டேன். அதில் இன்னும் யாரும் உட்காரவில்லை. மூக்கு பழையபடி தூக்கிக்கொண்டு ஓடுகிறது, நானும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டு போகிறேன்.

போன மாதம் மெல்பர்னுக்கு டிக்கெட் எடுத்தேன். மூன்று மாதத்துக்கு. மகளிடம் பகலில் பிள்ளைகளை நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மனைவி, கனமான ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கிக்கலாம் என்றாள். அந்த ஜன்னலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

படகுச் சாவியைச் சீனரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிடச் சொன்னேன். மழைத்தண்ணீரை இறைத்துவிடுவதாக அவரே சொன்னார். எப்போது திரும்புவாய் என்று கேட்டார். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.