மாஸ்டருக்கு ஒரு அரிசி ரொட்டி

பொங்கி நிற்கும் மைதா மாவை மாஸ்டர் முஷ்டியால் குத்தி அமுக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த பேக்கரியில் ரொட்டியை அறுத்துக் கவரில் போடுவது என் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். கத்தி விரலில் பட்டுவிடுமோ, அடுப்பு வெடித்துவிடுமோ என்று எந்நேரமும் பயம்தான். "ஏத்தா, ஒனக்கு முன்னால ஒன் பயம் வேலைக்கு வந்துருது" என்று மாஸ்டர் சிரிப்பார்.

அந்த மனிதர் ஒரு வருடத்தில் எலும்பாக இளைத்துப் போனார். கோதுமை அவர் குடலுக்கு ஆகாது, மைதாத் தூசிகூட வாய்க்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இட்லி தோசையோடு இருந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை. "ஊருக்கே ரொட்டி சுட்டவன் இனி வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? அரிசியில சுட்டுத் திங்கிறேன் பாரு."

முதல் ரொட்டி செங்கல். அடுத்தது தொட்டதும் மணலாக உதிர்ந்தது. பிறகு, ஆப்பத்துக்குக் காய்ச்சுவதுபோல அரிசி மாவில் கொஞ்சத்தைக் கூழாகக் காய்ச்சிக் கலந்தார். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்குத் தரும் இசப்கோல் உமியையும் சேர்த்தார். உதிர்வது நின்றது. ஆனாலும் உள்ளே பிசின்போல அழுத்தமாகவே இருந்தது. காரணம் அவருடைய பழகிய கைதான். பொங்கியதும் தன்னையறியாமல் குத்திவிடுவார். மைதா மறுபடி எழும். அரிசி மாவுக்கு அந்த இழுவை கிடையாது. அது புரிந்ததும் என்னைக் காவலுக்கு நிறுத்தினார்: "நான் மாவு பொங்குற டின் பக்கம் வந்தா வெரட்டி விடுத்தா." விரட்டினேன். அன்றைக்கு ரொட்டி பஞ்சாக வந்தது. சூட்டோடு அறுத்தால் ஒட்டும் என்று ஆறும்வரை பிடிவாதமாகக் காத்திருந்து தின்றார்.

மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். ரொட்டியில் குற்றமில்லை. மேசையில் மைதா, டின்னில் மைதா, என் கத்தியில் மைதா, காற்றிலும் மைதா. அவர் தின்னக்கூடிய ரொட்டியை அந்த அறையில் சுடவே முடியாது. அங்கே வேலை பார்க்கவும் முடியாது. வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான செம்பட்டிக்கே போய்விட்டார்.

இப்போது அந்த ரொட்டியை நான் என் வீட்டில் சுடுகிறேன். கோதுமை மாவை வாசற்படி ஏற விடுவதில்லை. "சப்பாத்தி திங்க நான் ஓட்டலுக்குத்தான் போகணுமா?" என்று வீட்டுக்காரர் முனகுகிறார். மாஸ்டர் வந்து வாங்கிப்போன மறுநாள் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. எங்காவது ஒரு துளி மைதா பட்டிருந்தால்? இன்று காலையிலும் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தார்.

"மாஸ்டர், வயிறு எப்படி இருக்கு?"

"செத்த நேரம் பொறுக்க மாட்டியா? வாயில ரொட்டி இருக்குத்தா" என்றார், மென்றுகொண்டே.