சீட் கவர் பேண்ட்டும் ஒரு கொடுவாவும்

என் மாமா ஆற்றில் இறங்குவதற்காகத் தைத்துக்கொண்ட பேண்ட்டின் பின்பக்கத்தில் 'ஸ்போர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அது அவர் வேண்டுமென்று எழுதியதல்ல. திருப்பாதிரிப்புலியூரில் அவர் வைத்திருந்தது டூவீலர்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை. மிஞ்சிய ரெக்சினில் அந்த எழுத்து ஏற்கெனவே இருந்தது. வெட்டி எறிய மனம் வரவில்லை. உட்காரும் இடத்தில்தானே வருகிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மாமாவின் கடைக்குப் போய், அம்மா வேலை முடிந்து வரும்வரை ரெக்சின் சுருள்களின் மேல் படுத்துக் கிடப்பேன். வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பேர். உண்மையில் நான் மாமாவின் கூட்டாளி.

அந்த வருஷம்தான் மாமாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. காலில் புண் வந்தாலும் தெரியாமல் போகும், லேசில் ஆறாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ஆறு குளம் என்று தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிப்பை விடச் சொன்னதற்குக்கூட மாமா கவலைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கெடிலம் ஆற்றில் இறங்கித் தூண்டில் போடுகிற மனிதர் அவர். இரண்டு மாதம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தார்.

பிறகு ஒருநாள் டிவியில் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்தார். அந்த ஆள் மார்புவரைக்கும் ஒரு ரப்பர் பேண்ட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்று, புழு இல்லை பூச்சி இல்லை, வெறும் இறகைத் தூண்டிலில் கட்டி வீசி வீசி மீன் பிடித்தார். மாமா கையில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்து போனது.

மறுநாளே வேலை ஆரம்பித்துவிட்டது. மூங்கில் கழியின் நுனியில் பழைய டிவி ஆன்டெனாவைச் செருகினார். தூண்டில் நரம்பு ஓடுவதற்கு ஊக்குகளை வளைத்து வரிசையாகக் கட்டினார். நரம்பைச் சுற்ற, தையல் நூல் தீர்ந்துபோன பெரிய கட்டை ஒன்றுக்குக் கைப்பிடி வைத்தார். தெருமுனைக் கோழிக்கடையில் சேவல் கழுத்து இறகுகளைக் கேட்டு வாங்கி வருவது என் வேலை. அதைத் தூண்டில் முள்ளில் வைத்து மாமா ஜரிகையால் இறுக்கிக் கட்டுவார். அதற்கு 'டூப்பு ஈ' என்று பெயர். ஜரிகை எங்கிருந்து வந்தது என்பது அத்தைக்கு அடுத்த தீபாவளிக்கு முகூர்த்தப் புடவையை எடுத்துப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

"மீனு வேணும்னா மார்க்கெட்ல வாங்கியாந்தா ஆவாதா? டாக்டர் என்னா சொன்னாரு, இவரு என்னா பண்றாரு பாருங்க அண்ணி," என்று அத்தை அம்மாவிடம் முறையிட்டாள்.

மாமா அசரவில்லை. "தண்ணில எறங்கக் கூடாதுன்னுதான சொன்னாரு? நான் எங்க தண்ணில எறங்கறேன்? பேண்ட்டுல எறங்கறேன்."

பேண்ட்டுதான் பெரிய பாடாக இருந்தது. ரெக்சினைத் தைத்து, கீழே இரண்டு கம் பூட்ஸை ஒட்டினார். ஆனால் தையல் என்றால் ஊசி, ஊசி என்றால் ஓட்டை. சீட் கவருக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆற்றுக்கு ஆகுமா? தையல் ஓடிய இடமெல்லாம் பஞ்சர் சொல்யூஷன் தடவினார். சனிக்கிழமைதோறும் பேண்ட்டை மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டு, இடுப்பு வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். எங்கே சொட்டுகிறதோ அங்கே நான் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். 'சொட்டு இன்ஸ்பெக்டர்' என்று எனக்குப் பதவி கொடுத்திருந்தார்.

முதல் வெள்ளோட்டம் தேவனாம்பட்டினம் பக்கம், கெடிலம் கடலில் சேருமிடத்தில். கடலே கதியென்று இருக்கிறவர்கள் முன்னால் கால் நனையாமல் மீன் பிடிக்கப் போனால் என்ன ஆகும்? வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "யோவ், வண்டி எங்கய்யா? சீட்டு மட்டும் வந்து நிக்குது!" கரையே சிரித்தது. மாமாவும் சிரித்தார், ஆனால் அதோடு அந்தப் பக்கம் போகவில்லை.

நம்மைத் தெரியாத ஊராகப் பார்ப்போம் என்று கிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். அத்தையிடம் சிதம்பரம் கோயிலுக்கு என்று சொல்வதாகத் திட்டம். பொய் முழுப்பொய்யாக இருக்கக் கூடாது என்பது மாமாவின் கொள்கை. முதலில் கோயிலுக்குப் போய் நடராஜரைக் கும்பிட்டு, விபூதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, அப்புறம் கிள்ளைக்கு டவுன் பஸ் பிடிப்பது.

அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, கடைசிச் சோதனை. ஒரு சொட்டும் இல்லை. மாமா உள்ளே துண்டு எடுக்கப் போனார். அப்போதுதான் வலது பூட்ஸ் ஒட்டிய இடத்தில் ஒன்று திரண்டு விழுந்தது. இருபது எண்ணினேன், இன்னொன்று விழுந்தது. சொன்னால் மறுபடி சொல்யூஷன் தடவ வேண்டும், அது காய ஒருநாள் ஆகும், ஞாயிற்றுக்கிழமை போச்சு. பாவாடை நுனியால் அந்த இடத்தைத் துடைத்தேன்.

"இன்ஸ்பெக்டரம்மா, என்னா ரிப்போர்ட்டு?"

"எல்லாம் சரியாருக்கு மாமா."

கிள்ளை உப்பங்கழியில் மாமா சுரபுன்னை மரங்களுக்கு நடுவே முழங்காலுக்குமேல் தண்ணீரில் நின்று ஒரு மணிநேரத்துக்குமேல் வீசினார். நான் கரையில் விபூதிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஆன்டெனா வளைந்து தண்ணீரைத் தொட்டது. மாமா சேற்றில் இப்படியும் அப்படியும் தடுமாறி, கட்டையைச் சுற்றி, கடைசியில் முழங்கை நீளக் கொடுவா மீன் ஒன்றைக் கரையில் தூக்கிப் போட்டார். வாயில் அத்தையின் ஜரிகை மின்னியது. நாங்கள் இருவரும் குதித்த குதிக்கு அளவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான பகல் இன்னொன்று வந்ததா என்று இப்போதும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

பூட்ஸைப் பிடித்துப் பேண்ட்டை இழுத்துக் கழற்றினேன். வலது பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒட்டு, இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. சேறு வந்தது. குட்டி நண்டு ஒன்று வெளியே வந்து பக்கவாட்டில் ஓடியது, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் உள்ளங்காலைப் பார்த்தேன். உடைந்த சிப்பி ஒன்று குத்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் ரத்தம்.

"மாமா, காலு!"

மாமா குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு சிப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "பாத்தியா, மாமா காலு எரும தோலு," என்று சிரித்தார். "அத்தைகிட்ட சொல்லிக்கினு இருக்காத, ஜாஸ்தி பயந்துக்குவா." காயத்தின்மேல் விபூதியை அப்பிக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டார். மீன் சிதம்பரம் மார்க்கெட்டில் வாங்கியதாக வீட்டில் சொன்னோம். கோயிலுக்குப் போனவர் மீனோடு வருவாரா என்று அத்தை இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே குழம்பு வைத்தாள்.

மாமாவின் கால் என்னைப் பெருமையால் நிரப்பியது. மாமாவுக்குக் காலில் எது பட்டாலும் வலிக்காது என்று வகுப்பில் சொன்னேன். பக்கத்து பெஞ்சுக்காரி நம்பவில்லை. அவளைக் கடைக்கு அழைத்து வந்தேன். மாமா மிஷினில் தைத்துக்கொண்டிருந்தார். அடியில் நுழைந்து, செருப்பிலிருந்து பாதி வெளியே இருந்த இடது உள்ளங்காலில் சேவல் இறகால் கிச்சுகிச்சு மூட்டினேன். முன்பெல்லாம் சின்ன விரலைக் கொண்டுபோனாலே நெளிகிற மனிதர். இப்போது இறகு குதிகாலிலிருந்து விரல்வரை போய்வந்தது, மிஷின் ஒரு தையல்கூடத் தவறாமல் ஓடியது. தோழி வாயைப் பிளந்தாள். நான் ஜெயித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அத்தைதான் கண்டுபிடித்தாள், காலிலிருந்து வந்த வாடையை வைத்து. ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கால் தலையணைமேல் இருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு ஒரு சொட்டு பாத்தேன் மாமா. சொல்லாம தொடைச்சிட்டேன்," என்று கதறினேன்.

மாமா என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அட லூசு. ஒரு சொட்டா? பூட்ஸு ரொம்பற அளவுக்குத் தண்ணி, கூட ஒரு நண்டு. எனக்கே தெரியல, நீ என்னா பண்ணுவ?"

எனக்கு உயிர் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ரொம்ப வலிக்குதா மாமா?" என்று கேட்டேன்.

"வலிச்சா நல்லாருக்கும் புள்ள," என்றார்.

மாமா ஜோக்கு சொன்னால் சிரிப்பது என் வழக்கம். சிரித்தேன். மாமாவும் கூடச் சிரித்தார். அத்தை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கி வருவதாக வெளியே போனாள். வலிக்கவில்லையே என்று வருத்தப்படுகிற ஆள்கூட உலகத்தில் உண்டா என்று, வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.