இரண்டு காயில், ஒரு கட்டைவிரல்

மின்காந்தத் தொழிலில் ஒரு சௌகரியம்: நம் கணக்கு சரியா தப்பா என்று யாரும் சொல்ல வேண்டாம், இரும்பே சொல்லிவிடும். பேப்பரில் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கும் என் இனத்துப் பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கட்டைவிரல் சவாரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை. எத்தனை சுற்றுக் கம்பி, எத்தனை ஆம்பியர், அதற்கு எவ்வளவு காந்தப்புலம் என்று கணக்கிட வேண்டும். முதல் தடவையாக ஒரு காந்தம் முழுக்க என் கணக்கிலேயே தயாரானது. பூந்தமல்லியில் ஒரு மிளகாய்த்தூள் மில்லுக்கு. பெல்ட்டில் மிளகாயோடு வரும் ஆணி, நட்டையெல்லாம் அது மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் நான் பழையபடி கொட்டேஷன் டைப் அடிக்கப் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வேலை முடிந்து பாடிக்குப் போகும் ஷேர் ஆட்டோவிலும் அதே நினைப்பு. வலது கை விரல்களைக் கரண்ட் சுற்றும் பக்கம் மடக்கினால், கட்டைவிரல் காட்டுவதுதான் காந்தப்புலத்தின் திசை. வழியெல்லாம் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணாடியில் கவனித்த டிரைவர் சொன்னார்: "நான் சூப்பரா ஓட்றேன்னு எனக்கே தெரியும் மேடம், அதுக்குன்னு பாடி வரிக்கும் கட்டவெரல காட்டிகினேவா வருவீங்க?"

தேவராஜ் அண்ணனின் கேள்வி

எங்கள் காயில்களை, அதாவது கம்பிச் சுருள்களை, சுற்றுபவர் தேவராஜ் அண்ணன். இந்தக் காந்தத்துக்கு ஒரே இரும்புத் தண்டில் மேலே ஒரு காயில், கீழே ஒரு காயில். இரண்டின் புலமும் ஒரே பக்கம் பார்த்தால்தான் பலம் கூடும். ஒரு சுற்றுகூடக் குறையக் கூடாது என்று நான் மூன்றாம் தடவை சொன்னதும் மனுஷன் நிமிர்ந்தார். "சுத்தறது நானு, இழுக்கறது கரண்டு. நடுவுல உன் பேப்பர் இன்னாம்மா பண்ணுது?"

மில்லில் போன மானம்

சுவிட்ச் போட்டோம். தேவராஜ் அண்ணனும் நானும் மீட்டரை எட்டிப் பார்த்தோம்; நான் சொன்ன ஆம்பியர் அப்படியே நின்றது. அடடா, எனக்குத் தலைகால் புரியவில்லை! அதற்குள் பெல்ட்டில் போட்ட நட்டு காந்தத்துக்கு அடியில் புகுந்து, சாவகாசமாக மறுபக்கம் போய் விழுந்தது. பத்து நட்டு போட்டோம், பத்தும் போயே போய்விட்டன. மில் ஓனர் காந்தத்தைத் தொட்டுப் பார்த்தார், நல்ல சூடு. "இன்னா நைனா, காந்தம் கேட்டா ஈட்டர் எடுத்துகினு வந்துகீறீங்க?"

எந்தக் கை?

அண்ணன்தான் தப்பாகச் சுற்றிவிட்டார் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே கரண்ட் போகும் வழியைப் பார்த்தேன். மேல் காயிலுக்குக் கட்டைவிரல் மேலே. கீழ் காயிலுக்குக் கீழே! இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. படத்தை விரித்தால் அதிலும் அதே இணைப்பு, நான் வரைந்தது. அப்புறம்தான் உறைத்தது. படம் வரைந்து கீழ் காயிலைச் சரிபார்த்தபோது என் வலது கையில் பேனா இருந்தது. நான் மடக்கிப் பார்த்தது இடது கையை! அதன் கட்டைவிரல் நேர் எதிராகத்தானே காட்டும்.

"அண்ணே, தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான். கீழ் காயில் ஒயர் ரெண்டையும் மாத்திக் குடுங்க" என்றேன். மாற்றினார். சுவிட்ச் போட்டோம். டொக்! நட்டு எகிறிப் போய் ஒட்டிக்கொண்டது. டொக், டொக், டொக்... பத்தும்! மில் என்றும் பாராமல் நான் துள்ளிக் குதித்தேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே தேவராஜ் அண்ணன் சொன்னார்: "கணக்கு கரெக்ட்டுதாம்மா. கைதான் ராங்கு."

அன்றிலிருந்து நான் பேனாவை இடது கையில்தான் பிடிக்கிறேன்; கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் காந்தம் ஒழுங்காக இழுக்கிறது.